மாமன் புடவை கட்டிய மார்த்தா

1

பெர்கனில் யாராவது என் சொந்த ஊர் எது என்று கேட்டால் நான் படிப்படியாக இறங்கித்தான் பதில் சொல்வேன். முதலில் விழுப்புரம் என்பேன், மரியாதையாகச் சிரிப்பார்கள். திண்டிவனம் என்பேன், அதற்கும் அதே சிரிப்புத்தான். பாண்டிச்சேரிப் பக்கம் என்றால் பாதிப் பேருக்கு ஏதோ ஞாபகம் வரும். கிளியனூர் என்று உள்ளதைச் சொல்லும் சந்தர்ப்பம் இத்தனை வருஷ நார்வே வாழ்க்கையில் ஒரு தடவைகூட வாய்க்கவில்லை.

போன வாரம் நான் வேலை பார்க்கும் பாலர் பள்ளியில், இடைவேளையின்போது இங்கெர் ஒரு பத்திரிகையை என் பக்கம் நீட்டினாள். என்னோடு வருஷக்கணக்காக ஒரே வகுப்பில் பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிடுகிறவள் அவள். பத்திரிகையில் செம்மண் பாதை, அடர்ந்த மரங்கள், நடுவில் பொன்னிறத்தில் உருண்டையாக ஒரு தியான மண்டபம். எல்லா நாட்டு மனிதர்களும் மதம், தேசம் பார்க்காமல் ஒன்றாக வாழ்ந்து பார்க்கிற நகரமாம், இந்தியாவில் இருக்கிறதாம், கேள்விப்பட்டிருக்கிறாயா என்று கேட்டாள்.

"எங்கள் வீட்டிலிருந்து பைக்கில் அரை மணி நேரம்" என்றேன்.

இங்கெர் எழுந்தே நின்றுவிட்டாள். பாதி தின்ற ரொட்டி கையில் அப்படியே இருந்தது. இவ்வளவு பெரிய இடத்துக்குப் பக்கத்தில் பிறந்தவளையா தினமும் டயாபர் மாற்ற அனுப்பினோம் என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

உண்மையைச் சொல்லியிருந்தால் அவளுக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும். எங்கள் வீட்டில் யாரும் அந்த நகரத்தின் பெயரைச் சொன்னதில்லை. 'காடு' என்போம். காட்டுக்கு வேலைக்குப் போறான், காட்டு வழியா வந்தேன், இது காட்டுக்காரர் ஸ்கூட்டர். அங்கே இருக்கிற வெள்ளைக்காரர்கள் செருப்பில்லாமல் நடந்துபோன அதே சாலையில்தான் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் முதல் சம்பளத்தில் வாங்கிய ஷூவைப் போட்டுக்கொண்டு நடந்தார்கள். என் அப்பா ஒரு தடவை அவர்களுடைய சமையலறைக்கு இரண்டு மூட்டை மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்றிருக்கிறார். மனித ஒற்றுமையில் எங்கள் குடும்பத்தின் பங்கு அதோடு சரி.

"என் மகள் இப்போது அங்கேதான் இருக்கிறாள். ஜனவரியில் நானும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்" என்று இங்கெரிடம் சொன்னேன். எப்படி இருந்தது, எப்படி இருந்தது என்று துளைத்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் இடைவேளை முடிந்துவிட்டது. இந்த நாட்டில் மழை மட்டும்தான் நேரம் பார்க்காது. மற்றதெல்லாம் மணியடித்த மாதிரி முடியும். அவளுக்குச் சொல்லாமல் விட்டதை ஊரில் இருக்கிற உங்களுக்கு எழுதுகிறேன்.

2

என் மகள் கயல்விழி பெர்கனில் பிறந்தவள். அவள் பெரியவளானபோது தாய்மாமன் சீர் வைக்க என் தம்பி தணிகாசலம் விசாவுக்கு எழுதிப்போட்டான். எங்கள் பக்கத்தில் இது சாதாரண விஷயம் இல்லை. தாய்மாமன் பச்சை ஓலையில் குச்சு கட்டி, பெண்ணை அதில் உட்கார வைத்து, தட்டு வரிசையோடு வந்து, முதல் புடவையும் மாலையும் தன் கையால் கொடுக்க வேண்டும். தணிகாசலத்துக்கு ஒரே அக்கா நான். எனக்கு ஒரே பெண் கயல். அவனுக்கு இரண்டும் பையன்கள். ஆக, ஒரு மாமனாக அவன் வாழ்நாளில் கொடுக்கப்போகிற புடவை அது ஒன்றுதான்.

விசா வரவில்லை. வேலை முடிந்ததும் அவன் ஊர் திரும்புவான் என்று நம்பப் போதிய காரணம் இல்லை என்று கடிதம் வந்தது.

"எட்டு மாடு, மல்லாட்டைக் கொல்லை, ஒரு பொண்டாட்டி. இதெல்லாம் காரணம் இல்லையாக்கா?" என்று போனில் கேட்டான்.

பெர்கனில் தென்னை ஓலைக்கு எங்கே போவது? என் கணவர் மலையேறப் போகும்போது அடிக்கிற கூடாரத்தை வரவேற்பறையில் அடித்தார். பச்சை நிறம்தானே, போதும் என்றார். ஜிப் வைத்த குச்சில் உட்கார்ந்த முதல் பெண் கயலாகத்தான் இருப்பாள். பக்கத்துத் தெருவில் இருந்த யாழ்ப்பாண நண்பர் ஒருவர் மாமன் இடத்தில் நின்று மாலை போட்டார். தங்கமான மனிதர். ஆனாலும் தணிகாசலம் கம்ப்யூட்டர் திரையில் இதைப் பார்த்துவிட்டு, "சத்தம் சரியா கேக்கல" என்று சொல்லிப் பாதியிலேயே எழுந்துபோய்விட்டான். அவன் அழப்போனான் என்று அவன் மனைவி செல்வி பிறகு சொன்னாள்.

அவன் எடுத்து வைத்த புடவை பீரோவிலேயே இருந்தது. அரக்கு நிறப் பட்டு, மாங்காய் பார்டர், முந்தானையில் அவனே தேர்ந்தெடுத்த பெரிய மயில். செல்வி வருஷா வருஷம் அதற்கு வெயில் காட்டி, மடிப்பை மாற்றி மடித்து வைப்பாள். ஊரில் எந்த வீட்டுச் சீருக்குப் போனாலும், "உங்க அக்கா பொண்ணுக்கு எப்ப வெக்கப்போற?" என்று யாராவது ஒருத்தர் கேட்காமல் விடமாட்டார்கள். "வரும், வரும்" என்பானாம் இவன்.

3

படிப்பு முடித்த கையோடு கயல் ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில், "நான் இந்தியாவில் ஒரு வருஷம் தொண்டு செய்யப் போறேன்" என்றாள். எங்கே என்று கேட்டேன். சொன்னாள். நான் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. அந்த மண்ணைவிட்டு வெளியே வர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். என் மகள் அங்கே போய் மண் சுமக்க இணையத்தில் நேர்காணல் கொடுத்துத் தேர்வாகியிருக்கிறாள்.

அவளுடைய விசாவுக்கு இந்தியாவில் தொடர்புகொள்ள ஒருவர் பெயர் கேட்டார்கள். மாமா பெயரைப் போடு என்றேன். அவள் அந்த நகரத்து அலுவலகத்தின் பெயரைப் போட்டாள். "மாமாவைத் தொந்தரவு செய்ய வேண்டாம் அம்மா" என்றாள். இதை நான் தணிகாசலத்திடம் சொல்லவில்லை. தொந்தரவு செய்யாத அக்கா பெண்ணை வைத்துக்கொண்டு ஒரு மாமன் என்ன செய்வான்?

அவள் போய் இறங்கிய மூன்றாம் நாளே அவன் கிளம்பிவிட்டான். பிரம்மதேசத்துக் கோயிலில் புடவையை வைத்து அர்ச்சனை செய்து, சின்ன யானை என்கிறார்களே அந்தக் குட்டி லாரியை வாடகைக்குப் பிடித்து, தேங்காய், பழம், வளையல், மஞ்சள் குங்குமம், கேப்பை மாவு, வறுத்த மல்லாட்டை என்று தட்டுகளை அடுக்கி, ஒரு பம்பைக்காரரையும் ஏற்றிக்கொண்டு காட்டு கேட்டில் போய் நின்றான். காவலாளி எங்கள் பக்கத்துக்காரர்தான். வரிசையைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் திறந்துவிட்டாராம்.

கயல் அதை எனக்கு வீடியோவில் காட்டினாள். அவளோடு தங்கியிருந்த கொரியப் பெண்ணும் பிரேசில்காரனும் பம்பைக்கு ஆடினார்கள். கயல் குனிந்து மாலை வாங்கினாள், புடவையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். தணிகாசலத்தின் முகத்தை அன்று பார்த்திருக்க வேண்டும். பத்து வருஷக் கடனை இறக்கி வைத்தவன் முகம்.

அவளுக்குப் புடவை கட்டத் தெரியாது. அப்புறம் ஒரு நாள் அத்தை கட்டிவிடுவாங்க என்று பேசி முடித்தார்கள். அந்த அப்புறம் வரவே இல்லை. கயல் மாமா வீட்டுக்குப் போவதற்கு முன்னால், "ஞாயிறு நாலு மணிக்கு உங்களுக்கு வசதியா?" என்று செய்தி அனுப்புவாள். தணிகாசலத்துக்கு அதற்குப் பதில் எழுதத் தெரியாது. வீட்டுக்கு வர்றதுக்கு எதுக்கு வசதி என்று விட்டுவிடுவான். பதில் வரவில்லையே என்று அவளும் போகமாட்டாள்.

4

ஜனவரியில் நான் போனேன். பாஸ்போர்ட் விஷயமாக ஒரு சான்றிதழ் வாங்கத் திண்டிவனத்தில் முதலில் ஓர் அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. நார்வேயில் பிரதமரையே பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பழக்கத்தில், மேஜைமேல் இருந்த பெயர்ப்பலகையைப் பார்த்து, "முருகேசன், ஒரு நிமிஷம்" என்றுவிட்டேன். வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். தணிகாசலம் எனக்கு முன்னால் பாய்ந்துவந்து, "அக்கா ஃபாரின்லேர்ந்து வந்துருக்குது சார், தப்பா எடுத்துக்காதீங்க" என்று கும்பிட்டான். முருகேசன் சார் நல்ல மனிதர். சான்றிதழைக் கொடுத்துவிட்டு, "வர்றேன் சார்னு சொல்லிட்டுப் போங்க மேடம்" என்றார்.

மறுநாள் தணிகாசலம், செல்வி, நான் மூவரும் காட்டுக்குப் போனோம். அத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தும் எங்களில் யாரும் அந்த உருண்டை மண்டபத்துக்குள் போனதில்லை. கயல் முன்கூட்டியே பதிவு செய்திருந்தாள்.

எனக்கு அந்த இடம் பிடித்தது, அதை மறைப்பானேன். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது பொட்டலாகக் கிடந்த மேடு இப்போது நிழலாக இருக்கிறது. ஒரு ரஷ்யக்காரர் எங்களுக்கு வழிசொன்னார், "நேரா போயி லெஃப்ட்ல வளைங்க" என்று. கயல் தன் அறையைக் காட்டினாள். ஒரு கட்டில், ஒரு கொசுவலை, ஒரே ஓர் அலமாரித் தட்டு. பெர்கனில் அவள் அறையில் நடக்க இடமிருக்காது, அத்தனை சாமான் கிடக்கும். செல்வி அந்த அலமாரியை மேலும் கீழும் பார்த்தாள். என்ன தேடுகிறாள் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

மண்டபத்துக்குப் போகும் வரிசையில் வெள்ளைக் காலுறை கொடுத்தார்கள். இந்தக் கல்லைத் தாண்டினால் யாரும் பேசக்கூடாது, திரும்பி வெளியே வரும்வரை ஒரு வார்த்தை கூடாது என்று ஒரு பெண்மணி சொன்னார். என் தம்பி ஒரு கொல்லையிலிருந்து அடுத்த கொல்லைக்குப் போன் இல்லாமலே பேசுகிறவன். அவன் எப்படித் தாங்கப்போகிறான் என்றுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

கல்லைத் தாண்டி இருபதடி போயிருப்போம். செல்வி என் கையை நறுக்கென்று கிள்ளினாள்.

எங்களுக்கு முன்னால் வெள்ளைத் தலைமுடியோடு உயரமான ஒரு வெளிநாட்டுப் பெண்மணி நடந்துகொண்டிருந்தார். அரக்குப் பட்டு. மாங்காய் பார்டர். கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகி, முந்தானையை வலது தோளில் போட்டிருந்தார். முதுகு நிறைய மயில் ஆடியது. பத்து வருஷம் வெயில் காட்டின கைக்குத் தெரியாமலா போகும்?

தணிகாசலமும் பார்த்துவிட்டான். வாயைத் திறந்தான். காவலுக்கு நின்றவர் உதட்டில் விரலை வைத்தார். வாயை மூடினான். மயிலைப் பார்த்தான், கயலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கயல் எதுவும் அறியாமல் தலையைக் குனிந்து பக்தியோடு நடந்துகொண்டிருந்தாள். அந்த அம்மாள் புடவையோடு நேராக உள்ளே போய், எங்களுக்கு எதிரில்தான் உட்கார வேண்டுமா?

உள்ளே எல்லாம் வெள்ளை. நடுவில் பளிங்கு உருண்டைமேல் மேலேயிருந்து வெயில் விழுந்தது. அத்தனை பேரும் கண்ணை மூடி மனதை ஒரே இடத்தில் நிறுத்தப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள். சிரமமே இல்லாமல் அதைச் சாதித்தவன் என் தம்பி ஒருவன்தான். கண்ணைக் கொட்டாமல் அந்தப் புடவையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அடக்க முடியாத சிரிப்பு வந்தது. இருமுவதுபோல் நடித்துச் சமாளித்தேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்த மௌனம் இல்லாவிட்டால் அவன் முதல் கோபத்தில் ஏதாவது சொல்லியிருப்பான். சொன்னதை அள்ள முடியாது. வெளியே வரும்போது கோபம் ஆறி, வருத்தம் மட்டும்தான் மிச்சமிருந்தது.

5

வெளியே வந்ததும் செல்விதான் ஆரம்பித்தாள். "அண்ணி, அது நம்ம பொடவைதான். சத்தியமா நம்ம பொடவை. திருடிக்கினு போய்ட்டாங்களா, இல்ல இன்னா?"

"திருடலை அத்தை. நான்தான் கொடுத்தேன்" என்றாள் கயல்.

அவளுடைய குடியிருப்பில் ஒரு வழக்கம். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஒவ்வொருவரும் தன்னிடம் இருப்பதில் ஒன்றைக் கொண்டுபோய்க் காசில்லாக் கடையில் வைக்க வேண்டும். காசில்லாக் கடை என்றால், வேண்டாததை வைக்கலாம், வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம், யாரும் கேட்கமாட்டார்கள். "பிடிக்காததைக் கொடுத்தா அது குப்பை கொட்டுறது மாதிரி. என்கிட்ட இருந்ததிலேயே ரொம்ப அழகானது அதுதான் மாமா. அதனாலதான் கொடுத்தேன்" என்றாள். பெருமையாகவே சொன்னாள். பெர்கனில் எப்போதும் உண்மையைச் சொல், நேராகச் சொல் என்று வளர்த்தது நாங்கள்தான்.

தணிகாசலம் செருப்பை மாட்டிக்கொண்டே, "பொடவை போனதப் பத்தி இல்லம்மா. ஒரே ஒரு தபா கட்டிக்காட்டிட்டுக் கொடுத்திருக்கலாம்" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

அந்தப் புடவை எத்தனை வருஷம் காத்திருந்தது, ஏன் காத்திருந்தது என்று நான் அப்போதுதான் அவளுக்குச் சொன்னேன். கூடாரம் அவளுக்கு ஞாபகம் இருந்தது. மாமா அழப்போனது தெரியாது. அவள் முகம் வெளுத்துவிட்டது. "நான் கேட்டுத் திருப்பி வாங்கிடறேன்" என்று சொல்லி, யாரும் தடுப்பதற்குள் ஓடிவிட்டாள்.

நாங்கள் பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டோடு உட்கார்ந்திருந்தபோது அந்தப் பெண்மணியே வந்தார். மார்த்தா, ஹங்கேரிக்காரர், முப்பது வருஷமாக அங்கே மரக்கன்று வளர்ப்பவர். உடன் வேலை செய்கிறவர்கள் எல்லாம் எங்கள் பக்கத்துப் பெண்கள். ஆகவே அவர் பேசிய தமிழ் என் மகளுடையதைவிடச் சுத்தமான கிளியனூர்த் தமிழ்.

"எனக்குத் தெரியாதுங்க. இன்னிக்கு நான் இங்க வந்து சேந்த நாளு. ஒரு நல்ல துணி கட்டிக்கினு போலாமேன்னு எடுத்தேன். இருங்க, கழட்டிக் குடுத்துடறேன்" என்று இடுப்பில் கையை வைத்தார்.

"அய்யய்யோ! வாணாம்மா, வாணாம்!" தணிகாசலம் போட்ட சத்தத்தில் கூடமே திரும்பியது. காலையிலிருந்து அடக்கி வைத்த குரல் முழுவதும் அதில் வெளியே வந்தது.

மார்த்தா எதிரில் உட்கார்ந்தார். மாமன் சீர் என்றால் என்ன என்று விவரமாகக் கேட்டார். செல்வி சொல்லச் சொல்ல, முந்தானையை எடுத்து மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். "அப்ப இத எனக்கு யாரு குடுத்ததா ஆவுது? கடையா, கயலா, நீங்களா?"

தணிகாசலம் சோற்றைப் பிசைந்தான், சாப்பிட்டான், தண்ணீர் குடித்தான். பெரிய பஞ்சாயத்துக்குத் தீர்ப்புச் சொல்கிறவன் மாதிரி யோசித்தான்.

"மாமன் பொடவை யாரு மேல இருக்குதோ அவங்களுக்கு மாமன் நானு. வேற எப்பிடி?" என்றான். பிறகு நெற்றியைச் சுருக்கி, "ஆனா உங்களுக்குப் பொடவை மட்டும் வந்துருக்குது. வரிசை வரல. அது பேஜாரு" என்றான்.

6

என் தம்பி எதையும் பாதியில் விடுகிறவன் இல்லை. நான் ஊர் திரும்புவதற்கு இரண்டு நாள் முன்னால் அதே சின்ன யானை, அதே தட்டுகள், அதே பம்பைக்காரர்.

"யாரப் பாக்கணும்?" என்றார் காவலாளி.

"எங்க அக்கா பொண்ண."

"கயல் கன்னுத் தோட்டத்துக்குப் போயிருக்குதே."

"அது இல்லப்பா, இன்னொரு பொண்ணு. கன்னுத் தோட்டத்துலதான் இருக்குது."

மார்த்தாவுக்கு என்னைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும். தணிகாசலத்தைவிட இன்னும் கூட. ஆனால் முறை என்று வந்துவிட்டால் வயதுக்கு அங்கே என்ன வேலை? செல்வி அவரைக் கன்றுகளுக்கு நடுவில் பலகை போட்டு உட்கார வைத்து, முந்தானையை இடது தோளுக்கு மாற்றிக் கட்டி, வளையல் அடுக்கினாள். கை பெரிசு, வளையல் சிறிசு. சோப்புத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். தணிகாசலம் மாலை போட்டான். மார்த்தா குனிந்து அவன் காலைத் தொடப் போக, அவன் துள்ளிக் குதித்துப் பூவரசங் கன்று ஒன்றை மிதித்துவிட்டான். அதற்கு மார்த்தா அவனைத் திட்டினார். மாமனைத் திட்டுகிற உரிமை அவருக்கு அன்றே வந்துவிட்டது. என்னை 'அம்மா' என்று கூப்பிட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார்.

கயல் போட்டோ எடுத்தாள், தட்டுகளைத் தூக்கினாள், எல்லோரோடும் சிரித்தாள். தணிகாசலமும் அவளிடம் நன்றாகத்தான் பேசினான். சாப்பிட்டியாம்மா, வெயில்ல நிக்காதம்மா என்றான். ஆனால் ஒரு தடவைகூட அவளைக் கேலி செய்யவில்லை. எங்கள் வீட்டில் கேலி இல்லாமல் மரியாதையாக மட்டும் ஒருவர் பேசினால் உள்ளே ஏதோ ஒட்டவில்லை என்று அர்த்தம். மார்த்தாவுக்கு ஒரு மாமன் கிடைத்துவிட்டான், என் மகளுக்கு இருந்த மாமன் விருந்தாளியாகிவிட்டானோ என்ற கவலையோடுதான் நான் விமானம் ஏறினேன். மன்னிப்பு கேள் என்று அவளிடம் சொல்ல மனம் வரவில்லை. அவள் மீது தப்பு இருப்பதாகவும் என்னால் நினைக்க முடியவில்லை.

7

கொஞ்ச நாளில் மார்த்தாவுக்கு டெங்கு வந்து பாண்டிச்சேரியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தணிகாசலமும் செல்வியும் மாற்றி மாற்றி அங்கேயே இருந்தார்கள். எனக்கு எல்லாத் தகவலும் கயல் மூலமாகத்தான் வந்தது. மார்த்தா தேறி வீட்டுக்குப் போன பிறகு ஒரு நாள் அவள் நீளமாகப் பேசினாள்.

"அம்மா, நர்ஸ் வந்து மாமாகிட்ட, நீங்க பேஷண்ட்டுக்கு என்ன வேணும்னு கேட்டாங்க. மாமா, தாய்மாமன்னு சொன்னாரு. அவங்க மார்த்தாவோட வெள்ளை முடியப் பாத்தாங்க, மாமாவோட கறுப்பு மீசையப் பாத்தாங்க. யாருக்கு யாரு தாய்மாமன்னு கேட்டாங்க. மாமா சிரிக்கவே இல்ல. 'அவங்களுக்கு நானு. வரிசைலாம் வெச்சிட்டேம்மா'ன்னு சொன்னாரு."

நான் சிரித்தேன். மறுமுனையில் அவள் சிரிக்கவில்லை.

"எனக்கும் முதல்ல சிரிப்பு வந்துச்சு. அப்புறம் பொறாமையா இருந்துச்சு அம்மா. ரொம்பப் பொறாமை. நான் அங்க கதவுகிட்ட நின்னேன். மாமா என்னைப் பாத்து, உனக்கு நேரமாச்சுன்னா நீ கிளம்பும்மா, உன் வேலை கெடும்னு சொன்னாரு" என்றாள். குரல் உடைந்தது. இங்கிருந்து என்ன செய்ய முடியும், போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

நான் அவளுக்கு எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இன்று மதியம் பாலர் பள்ளி முற்றத்தில் நின்றிருந்தேன். மழை. எங்கள் பிள்ளைகள் தலைமுதல் கால்வரை ரப்பர் சட்டை போட்டுக்கொண்டு குட்டைக்குள் உட்கார்ந்து மணல் சோறு ஆக்கிக்கொண்டிருந்தார்கள். போன் அடித்தது. வேலை நேரத்தில் எடுக்கக்கூடாது. ஆனால் தணிகாசலம் அந்த நேரத்தில் கூப்பிடுகிறவன் இல்லை. பயந்துபோய் எடுத்தேன்.

"க்கா!" என்று கத்தினான். திரையில் அவன் மூக்கும் மீசையும் மட்டும் தெரிந்தன. "ஒம் பொண்ணு பொடவை கேட்டுட்டாக்கா!"

"என்னடா சொல்ற?"

"காலைல சைக்கிள மெரிச்சிக்கினு வந்தா. ஒரு போன் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கினு இருக்கேன். நேரா வந்து நின்னுக்கினு, 'மாமா, எனக்கு ஒரு பொடவை எடுத்துக் குடு'ன்றா. எதுக்குடி, பௌர்ணமிக்குத் தூக்கிக் குடுக்கவான்னு கேட்டேன். 'இல்ல, கட்டிக்கினு ஊரெல்லாம் சுத்தறதுக்கு'ன்றா!" தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தான். இந்த முறை எழுந்து எங்கேயும் போகவில்லை.

பிறகுதான் போனைத் திருப்பினான். திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக்கடை. பாய் முழுக்கப் புடவை விரிந்து கிடந்தது. நடுவில் கயல், இரண்டு தோளிலும் இரண்டு புடவையோடு, கண்ணாடியைப் பார்த்து முழித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் செல்வி, எதைக் காட்டினாலும் உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒரு மணி நேரமாக் கடைக்காரரக் கொல்றாக்கா, இந்தக் குரங்கு. இன்னா கலருன்னு நீயாவது ஜல்தியா சொல்லு" என்றான் தணிகாசலம்.

மழை நீர் வழிந்த கண்ணாடியோடு திரையைக் கூர்ந்து பார்த்தேன். பாயின் ஓரத்தில் ஓர் அரக்குப் பட்டு கிடந்தது. மயில்கூட இருந்தது.

"அந்த அரக்கு நல்லா இருக்கு கயல்" என்றேன்.

அவள் திரும்பி அதைப் பார்த்தாள். எடுக்கவில்லை.

"அது மார்த்தாவோடது அம்மா" என்றாள். "நான் எனக்கு எடுக்கிறேன்."